பெட்டி சொன்ன சேதி

வாடிப்பட்டி என்றதும் வெளியூரார் நினைவுக்கு வருவது மேளம். நம் ஊர்க் கலைஞர்கள் தப்பைத் தீயில் காட்டிச் சூடேற்றி, விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பார்கள். தோல் இறுகிவிட்டதா, இன்னும் சற்று அனல் வேண்டுமா என்பதை அந்த ஓசையே சொல்லிவிடும். பிறந்தது முதல் இதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தாம் நாம். ஆயினும் ஓசையைக் கேட்டுக் குறையறிய வேண்டும் என்னும் பாடத்தை, வீட்டு மூலையில் இருந்த ஒரு கணிப்பொறியிடம்தான் கற்றுக்கொண்டோம். கற்பதற்கு முன்பாகப் பெற்ற மகனின் மனத்தையும் புண்படுத்திவிட்டோம். அதனாலேயே இதை எழுதத் துணிந்தோம்.

2013-ஆம் ஆண்டில் மூத்த மகளின் படிப்புக்கென வாங்கிய மேசைக் கணிப்பொறி அது. 4 ஜி.பி. நினைவகமும் 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க்கும் கொண்டது. அன்றைய தேவைக்கு அது தாராளமாகவே இருந்தது. மகள் மணமாகிப் போனபின் மகனின் கைக்கு வந்தது. இப்போதோ, சுவிட்சைப் போட்டுவிட்டுத் தேநீர் போட்டுக் குடித்து முடித்தாலும் திரையில் அந்த வட்டம் சுழன்றுகொண்டே இருக்கும். போதாக்குறைக்கு, அதில் இயங்கிய விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் அளித்துவந்த வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்துவிட்டது. "எடைக்குப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்குங்கள்" என்று உறவினர் சிலர் யோசனை கூறினர்.

அதைத் தூக்கி எறிய மனம் வராததற்குப் பணம் மட்டும் காரணமன்று. நம் அத்தா அவர்கள் 1980-களில் தம்மாமில் வேலை பார்த்தார்கள். கடிதம் எழுதுவதைக் காட்டிலும் கேசட்டில் பேசி, ஊருக்கு வருவோரிடம் கொடுத்தனுப்புவதே அவர்களுக்கு உவப்பு. அக்கேசட்டுகளின் நாடா பூசணம் பிடிக்கத் தொடங்கியபோது, மகள்தான் பொறுமையாக அமர்ந்து ஒவ்வொன்றாகக் கணிப்பொறியில் ஏற்றினாள். பின்னர் நாடாக்கள் பயனற்றுப் போயின. அத்தா அவர்களும் மறைந்துவிட்டார்கள். அவர்களின் குரல் இவ்வுலகில் எஞ்சியிருந்தது அந்த ஒரு பெட்டிக்குள் மட்டுமே. இன்னொரு படி எடுத்து வைக்க வேண்டும் என்று நூறு முறை எண்ணினோம், எடுக்கவில்லை.

பெட்டியைப் புதுப்பிக்கலாம் என்றான் மகன். அவன் சொன்ன விளக்கம் வணிகக் குடும்பத்தில் பிறந்த நமக்கு எளிதில் விளங்கிற்று. நினைவகம் என்பது கடையின் முன்பலகை. ஹார்ட் டிஸ்க் பின்கட்டிலுள்ள கிட்டங்கி. முன்பலகை சிறிதாயின், கேட்கும் ஒவ்வொரு சரக்குக்கும் கிட்டங்கிக்கு ஓட வேண்டும். அந்தக் கிட்டங்கியோ, நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் தட்டில் ஊசி தேடி எடுக்கும் பழைய முறையில் அமைந்தது. முன்பலகையைப் பெரிதாக்கி, சுழலும் தட்டுக்குப் பதிலாக அசையும் உறுப்பே இல்லாத எஸ்.எஸ்.டி. ஒன்றை வைத்தால் போதும் என்றான். நினைவகத்திலும் தலைமுறை உண்டு, டி.டி.ஆர்.3 வகைக்கு 240 தொடுமுனைகள், டி.டி.ஆர்.4 வகைக்கு 288. ஒன்றின் பள்ளத்தில் மற்றொன்று பொருந்தாது. அதையெல்லாம் சரிபார்த்துத்தான் மதுரைக்குப் பஸ் ஏறி, வேண்டியவற்றை வாங்கிவந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மகன் மின்வயரைச் சுவரிலிருந்து பிடுங்கி, பெட்டியைத் திறந்து, தூசு துடைத்து, முதலில் புதிய நினைவகத்தைப் பழையதன் அருகில் பொருத்தினான். சுவிட்சைப் போட்டான். விசிறி சுழன்றது. திரை இருண்டே கிடந்தது. உள்ளிருந்து "பீ...ப்" என்று நீண்ட ஓர் ஓசை விட்டுவிட்டு ஒலித்தது.

கட்டிலில் அமர்ந்திருந்த தாயார் கேட்டார்கள்: "அத்தா பேச்சு அதுக்குள்ளதானேப்பா இருக்கு?"

அந்தக் கேள்வி நம்மை நிலைகுலையச் செய்துவிட்டது. ஓடிக்கொண்டிருந்ததைக் கெடுத்துவிட்டாய் என்றும், தெரியாத வேலையில் கைவைத்தாய் என்றும் மகனை வாய்க்கு வந்தபடி ஏசினோம். அவன் எதிர்த்து ஒரு சொல் கூறவில்லை. ஸ்குரூக்களை ஒரு கிண்ணத்தில் பொறுக்கிப் போட்டுவிட்டு எழுந்து போனான்.

பெட்டியை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு பழுது பார்க்கும் கடை ஒன்றுக்கு விரைந்தோம். கடைக்கார இளைஞர் சுவிட்சைப் போட்டுச் சற்று நேரம் கண்ணை மூடிக் கேட்டார். "பயப்படாதீங்க பாய். பெட்டி சாகல; எங்க வலிக்குதுன்னு சொல்லுது" என்றார்.

1981-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட கணிப்பொறியிலிருந்தே வருகின்ற ஏற்பாடாம் இது. மின்சாரம் பாய்ந்ததும் கணிப்பொறி முதலில் தன்னைத்தானே சோதித்துக்கொள்கிறது. திரை உயிர்பெறுமுன் குறை தென்பட்டால் எழுத்தில் காட்ட வழியில்லை. ஆகவே ஓசையால் அறிவிக்கிறது. எத்தனை ஓசை, நெடிலா குறிலா என்பதற்குப் பொருள் உண்டு. தயாரிப்பாளருக்குத் தக்கவாறு அது மாறுபடும். நம் பெட்டியின் மொழியில் அந்த நீண்ட ஓசைக்கு, "நினைவகம் கைக்கு எட்டவில்லை" என்று பொருள்.

இளைஞர் இரண்டு நினைவகங்களையும் கழற்றினார். அவற்றின் தொடுமுனைகளைப் பள்ளிப் பிள்ளைகளின் ரப்பரால் மெல்லத் தேய்த்தார். பழையதை மட்டும் பொருத்தினார், குறுகிய ஒரே ஓர் ஓசை, திரை ஒளிர்ந்தது. பிறகு புதியதைப் பொருத்தி, இரு முனைகளிலும் "டக்" என்று கேட்கும்வரை அழுத்தினார். அதுவும் வேலை செய்தது. ஒரு முனை மட்டும் கொஞ்சம் மேலே நின்றிருக்கிறது, அவ்வளவே. "ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும்தான் மாத்தணும் பாய். ரெண்டை மாத்துனா எது குத்தம்னு தெரியாது" என்றார்.

ஆனால் சோதனை முடியவில்லை. விண்டோஸ் வருவதற்கு மாறாக, தொடங்குவதற்குரிய வட்டைக் காணவில்லை என்னும் அறிவிப்பு வந்தது. நம் நெஞ்சு மறுபடியும் அடித்துக்கொண்டது. இளைஞரோ தேதியைப் பார்த்தார். பெட்டி வாங்குவதற்கும் முந்தைய ஆண்டு ஒன்றை அது காட்டிற்று. தாய்ப்பலகையிலிருந்த வட்டமான சிறு பாட்டரியை நெம்பி எடுத்துக் காட்டினார். சி.ஆர். 2032 என்பது அதன் பெயர். 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிப்பு என்பதையே அந்த எண் குறிக்கிறது. கடிகாரத்தையும், எந்த வட்டிலிருந்து எம்முறையில் தொடங்குவது என்னும் குறிப்புகளையும் மின்சாரம் இல்லாத நேரத்தில் காத்துவருவது அதுவே. அது எப்போதோ தீர்ந்துபோயிருக்கிறது. வயர் சுவரில் செருகியே இருந்ததால் வெளியே தெரியவில்லை. மகன் முறைப்படி வயரைப் பிடுங்கியதும் பெட்டி தன் குறிப்புகளை மறந்துவிட்டது. புதிய பாட்டரி போட்டு, அமைப்புகளைத் திருத்தியதும் பழைய திரை வந்தது. கேசட்டுகளின் வரிசை அப்படியே இருந்தது.

அங்கே நின்றபோதுதான் வெட்கம் நம்மைத் தின்றது. பெட்டியின் ஓசைக்குப் பொருள் கேட்டறிய ஓடிய நாம், பெற்ற பிள்ளையின் மௌனத்திற்குப் பொருள் கேட்கவில்லை. அவன் செய்தவற்றுள் பிழை என்று சொன்னால், ஒரு முனையை இன்னும் சற்று அழுத்தாமல் விட்டது மட்டுமே. நம் பிழையோ பெரிது. ஈடில்லாத ஒரு பொருளை ஒரே இடத்தில் வைத்துவிட்டு, ஆண்டுக்கணக்கில் அசட்டையாக இருந்தோம். பழியை மட்டும் அவன்மீது சுமத்தினோம்.

வீடு திரும்பியதும் தாயாரின் முன்னிலையிலேயே, "பிழை என்னுடையது தம்பி, மனத்தில் வைத்துக்கொள்ளாதே" என்றோம். அவன் சிரித்துவிட்டு, "முதல்ல பாட்டனார் பேச்சைக் காப்பி எடுத்துடுவோம் அத்தா" என்றான். அன்றே ஒரு பென் டிரைவிலும், தனி வட்டு ஒன்றிலுமாக இரு படிகள் எடுத்தோம். ஒன்று மகள் வீட்டுக்குப் போயிற்று. அதன் பின்னரே எஸ்.எஸ்.டி.யைப் பொருத்தினோம். 2021-இல் வந்த விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 பாதுகாப்பு வசதி நம் பெட்டியில் இல்லை. எனவே கட்டணமில்லா லினக்ஸை நிறுவினான். நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் என்பதும் அவ்வகையைச் சேர்ந்ததே. இப்போது தேநீருக்குத் தண்ணீர் கொதிக்குமுன் பெட்டி ஆயத்தமாகிவிடுகிறது.

பழைய கணிப்பொறி வைத்திருக்கும் குடும்பத்தார்க்கு நாம் சொல்லக்கூடியது இதுதான். பெட்டியைத் திறக்குமுன் உள்ளிருப்பதற்குப் படி எடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுங்கள். அது ஓசை எழுப்பினால் அஞ்சாமல் எண்ணிக் கேளுங்கள். வீட்டுப் பிள்ளை அருகில் நின்றால், ஏசுவதற்குமுன் என்ன நடந்தது என்று அவனையும் கேளுங்கள்.

அன்று மாலை தாயாரின் கட்டிலருகே பெட்டியை வைத்தோம். குறுகிய ஓர் ஓசை. சிறிது நேரத்தில், தம்மாமிலிருந்து வந்த அந்தக் குரல் ஸலாம் சொல்லித் தொடங்கிற்று. தாயார் மெல்லப் பதில் ஸலாம் சொன்னார்கள்.