சில்லென்று இருந்தும் பிசுபிசுப்பு ஏன்?

சென்னை போன்ற கடலோர ஊர்களில் ஏசி காற்றைக் குளிர்விப்பதோடு ஈரத்தையும் வடிக்க வேண்டும். அது லேசான வேலையல்ல: 1 லிட்டர் நீர் வடிய, ஏறக்குறைய 0.68 கிலோவாட் மணி வெப்பத்தை வெளியேற்றியாக வேண்டும். அறைக்கு மிஞ்சிய டன் உள்ள ஏசி சில நிமிடங்களிலேயே அறையைக் குளிர்வித்துவிட்டு கம்ப்ரசரை நிறுத்திவிடும். ஃபேன் மட்டும் ஓட, குளிர்ச்சுருளில் கோத்து நிற்கும் நீர்த்துளிகள் குழாய்க்கு இறங்காமல் மறுபடி அறைக்குள்ளேயே ஆவியாகும். பிசுபிசுப்பு தாங்காமல் 20 டிகிரிக்கு இறக்குவது வீண் செலவு. அளவான டன்னில், வேகம் குறைந்து நெடுநேரம் ஓடும் இன்வர்ட்டர் ஏசி ஈரத்தை நன்றாக இழுக்கும். ஈரப்பதம் 50–60 சதவீதத்தில் நின்றால், மின்விசிறியோடு 26 டிகிரியே பலருக்குச் சுகம். இவற்றுக்கெல்லாம் முன்பு ஜன்னல் இடுக்குகளை அடைக்க வேண்டும். வெளிக்காற்று கசியும்வரை ஈரமும் வந்துகொண்டே இருக்கும்.