நீக்கு, சரி, ரத்து

பெங்களூரு, கோணப்பன அக்ரஹாரா. மூன்றாவது மாடி. ஞாயிற்றுக்கிழமை காலை.

ஹாலின் மூலையில் ஒரு கம்ப்யூட்டர். சிபியூவுக்குப் பூப்போட்ட உறை, வீட்டம்மா தைத்தது. மானிட்டரின் நெற்றியில் முருகன் ஸ்டிக்கர். கீபோர்டில் 'ஏ' எழுத்து தேய்ந்து போயிருக்கிறது.

திரையின் வலது கீழ் மூலையில் ஒரு சிவப்புப் பெட்டி எழுகிறது. பாதுகாப்பு காலாவதி என்கிறது. பெரியவர் பெருக்கல் குறியைத் தட்டுகிறார். பெட்டி இறங்குகிறது. அடுத்த பெட்டி ஏறுகிறது. இதில் தள்ளுபடி அறுபது சதவீதம். இன்று மட்டும். நேற்றும் இன்று மட்டும்தான்.

பெரியவர் ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நட்டைத் திருப்பினால் கழன்று கைக்கு வர வேண்டும். அவர் அறிந்த உலகம் அது.

மேசையில் புது ஆன்டிவைரஸ் டப்பா. எஸ்.பி. ரோட்டில் வாங்கியது. அங்கே கடை அலமாரிகளில் சென்னையின் கே7, புனேயின் குவிக் ஹீல், வெளிநாட்டுக்காரர்கள் என்று வரிசை. பெரியவர் வாங்கியது கடைக்காரரின் கை எட்டிய தட்டிலிருந்து. டப்பாவுக்குள் ஒரு சிடி. கம்ப்யூட்டரில் சிடி போடும் இடம் இல்லை.

முதலில் பழையதை எடுக்க வேண்டும்.

செட்டிங்ஸ். ஆப்ஸ். நீண்ட பட்டியல். நீக்கு.

நிச்சயமாகவா என்கிறது திரை. ஆம். ஏன் என்கிறது. ஐந்தாறு காரணங்கள், பக்கத்தில் வட்டங்கள். பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி எல்லாவற்றையும் படிக்கிறார். எதுவும் அவர் காரணம் இல்லை. கீழே இரண்டு பொத்தான்கள். 'இருக்கட்டும்' பெரியது, பச்சை. 'நீக்கு' சிறியது, சாம்பல்.

சாம்பலை அழுத்துகிறார். பட்டை நகர்கிறது. பாதி தாண்டி நிற்கிறது. நின்றபடியே இருக்கிறது.

மின்விசிறியின் சத்தம் குறைகிறது. இறக்கைகள் தனித்தனியாகத் தெரிகின்றன. திரை கறுப்பு.

"கரன்ட் போச்சு," என்கிறது சமையலறை.

மேசைக்கடியில் யூபிஎஸ் இருக்கிறது. பேட்டரி செத்துப் பல நாள். அதன் மேல் பழைய பேப்பர் கட்டு.

ஜன்னலுக்கு வெளியே ஓசூர் ரோடு. 1978-ல் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் இந்த ஊரிலும் பக்கத்துத் தொட்டதோகூரிலுமாக 332 ஏக்கரில் எலெக்ட்ரானிக் சிட்டியை அமைத்தது. இப்போது சாலைக்கு மேல் மேம்பாலம், பக்கத்தில் மெட்ரோ. மஞ்சள் வழி, 2025 ஆகஸ்ட் 10-ல் திறந்தது. ரயில் ஒன்று பொம்மசந்திரா பக்கம் போகிறது. அதற்கு வேறு கரன்ட்.

விசிறி மறுபடி சுற்றுகிறது. கம்ப்யூட்டர் எழுகிறது.

பழைய ஆன்டிவைரஸின் ஐகான் வெள்ளைத் தாளாகி விட்டது. பட்டியலில் பெயர் மட்டும் இருக்கிறது. நீக்கு. 'நீக்கும் ஃபைலைக் காணவில்லை.' சரி. வேறு பொத்தான் இல்லை.

புதியதை டவுன்லோட் செய்து தட்டுகிறார். 'இந்தக் கம்ப்யூட்டரில் வேறொரு ஆன்டிவைரஸ் உள்ளது. முதலில் அதை நீக்கவும்.' சரி, ரத்து. சரி என்றாலும் பெட்டி மூடுகிறது. ரத்து என்றாலும் மூடுகிறது.

பழையது இல்லை என்கிறது பழையது. இருக்கிறது என்கிறது புதியது. விண்டோஸ் செக்யூரிட்டியில் பழைய பெயர், எதிரே 'அணைந்துள்ளது'. வேறொருவர் பொறுப்பில் வீடு இருக்கிறது என்று நம்பி விண்டோஸின் சொந்தக் காவலும் தூங்குகிறது.

உள்ளறையிலிருந்து மகள் எட்டிப் பார்க்கிறாள். கழுத்தில் ஹெட்செட், கையில் ஆபீஸ் லேப்டாப். ஞாயிற்றுக்கிழமை ரிலீஸ் கால். அவள் லேப்டாப்பிலும் ஆன்டிவைரஸ் இருக்கிறது. அதில் 'நீக்கு' பொத்தானே இல்லை. நீக்க வேண்டுமென்றால் டிக்கெட் போட வேண்டும். டிக்கெட்டை மூன்று பேர் ஒப்புக்கொள்ள வேண்டும்.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்ல. நீ வேலையப் பாரு."

மகள் கதவைப் பாதி சாத்துகிறாள்.

பெரியவர் போனை எடுக்கிறார். ஆன்டிவைரஸின் பெயர், கஸ்டமர் கேர், தேடு. முதல் விடையில் ஒரு பத்து இலக்க மொபைல் எண். நிறுவனத்தின் சின்னம் உண்டு. முகவரி இல்லை. விரல் எண்ணை நோக்கி இறங்குகிறது.

பாதிக் கதவு முழுக் கதவாகிறது. மகள் போனை வாங்கி மேசையில் கவிழ்த்து வைக்கிறாள்.

"அது கம்பெனி நம்பர் இல்லப்பா. எனிடெஸ்க் போடச் சொல்லுவான். அப்புறம் பேங்க் மெசேஜ் வரும்."

தூரத்திலிருந்தே அடுத்தவர் கருவியை இயக்க உதவும் எனிடெஸ்க் பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. ஃபிரிட்ஜ் கதவில் ஒரு சீட்டு: 1930. சைபர் மோசடிக்கான தேசிய உதவி எண். மகள் எழுதி ஒட்டியது. பக்கத்தில் கேஸ் ஏஜென்சி எண். கேஸ் எண்தான் கைபட்டு அழுக்காகியிருக்கிறது.

1986-ல் லாகூரிலிருந்து பரவிய 'பிரெய்ன்', ஐபிஎம் பிசிக்களைப் பிடித்த முதல் வைரஸ். எழுதிய சகோதரர்கள் இருவர் தங்கள் பெயர், கடை முகவரி, தொலைபேசி எண் எல்லாவற்றையும் அதற்குள்ளேயே போட்டிருந்தார்கள். அது ஒரு காலம்.

பெரியவர் தெருமுனைக் கடைக்குப் போன் செய்கிறார். இது கடைக்காரப் பையனின் சொந்த எண். செல் கவர், ஜெராக்ஸ், லேமினேஷன், கம்ப்யூட்டர் சர்வீஸ்.

பையன் வருகிறான். தோளில் பை. கையில் பென் டிரைவ், அதில் மஞ்சளும் சிவப்புமான நாடா. உட்காருவதற்கு முன்பே மவுஸைப் பிடித்துவிடுகிறான். வெள்ளை ஐகானைப் பார்க்கிறான். உச்சுக்கொட்டுகிறான்.

"ஃபார்மட் மாடிடலாம் அங்கிள்."

சமையலறையில் தாளிப்புச் சத்தம் நிற்கிறது. வீட்டம்மா கரண்டியோடு வாசலுக்கு வருகிறார்.

"கண்ணு, பேத்தி போட்டோ எல்லாம் அதுலதான் இருக்குது."

"எங்க வெச்சிருக்கீங்க ஆன்ட்டி?"

"அதுலதான்."

பையன் டெஸ்க்டாப்பைப் பார்க்கிறான். மஞ்சள் ஃபோல்டர்கள் திரையை நிறைத்து நிற்கின்றன. நியூ ஃபோல்டர். நியூ ஃபோல்டர் இரண்டு. காதுகுத்து. காதுகுத்து நியூ. ஃபார்மட் பேச்சு அத்துடன் முடிகிறது.

மெக்காஃபி ஆன்டிவைரஸ் நிறுவனத்தைத் தொடங்கிய ஜான் மெக்காஃபி 2013-ல் ஒரு வீடியோ வெளியிட்டார். தன் பெயர் தாங்கிய மென்பொருளை எப்படி நீக்குவது என்பது தலைப்பு. நிறுவனத்தை விட்டு அவர் விலகி அப்போது ஏறக்குறைய இருபது ஆண்டு. வீடியோவின் முடிவில் அவர் கம்ப்யூட்டரைத் துப்பாக்கியால் சுடுகிறார். பையனின் ஃபார்மட் முறைக்கு அருகில் வருவது அது.

பையன் புதிய இன்ஸ்டாலரை ஓட்டுகிறான். பிழை 1618. பின்னால் வேறொரு இன்ஸ்டலேஷன் ஓடுகிறது, விண்டோஸ் அப்டேட். காத்திருப்பு. காபி வருகிறது. பையன் போனில் ரீல்ஸ் பார்க்கிறான். பெரியவர் வட்டம் சுற்றுவதைப் பார்க்கிறார்.

பிழை 1603. 'நிறுவும்போது கடும் பிழை.' என்ன பிழை என்று அது சொல்வதில்லை.

ரீஸ்டார்ட் செய்யவும் என்கிறது அடுத்த பெட்டி. செய்கிறார்கள். மறுபடி, ரீஸ்டார்ட் செய்யவும். உடனே அழிக்க முடியாத ஃபைல்களை விண்டோஸ் ஒரு பட்டியலில் எழுதி வைக்கிறது, அடுத்த முறை எழும்போது அழிப்பதற்கு. ஒவ்வொரு முறை எழும்போதும் பழைய ஆன்டிவைரஸின் மிச்சமும் சேர்ந்து எழுகிறது. பட்டியல் அப்படியே இருக்கிறது.

பையன் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் போகிறான். பழைய பெயரில் ஒரு ஃபோல்டர். டிலீட். 'அனுமதி இல்லை.' அட்மினிஸ்ட்ரேட்டர். 'அனுமதி இல்லை.'

"என் கம்ப்யூட்டர்தானே தம்பி?" என்கிறார் பெரியவர்.

பையன் தோளைக் குலுக்குகிறான்.

உள்ளே வரும் கெட்ட புரோகிராம்களில் பல முதலில் ஆன்டிவைரஸைத்தான் அணைக்கப் பார்க்கும். அதனால் ஆன்டிவைரஸ் தன்னைத் தொட யாரையும் விடாது. ஃபோல்டருக்குப் பூட்டு. ரெஜிஸ்ட்ரி வரிகளுக்குப் பூட்டு. விண்டோஸின் அடிமட்டத்தில் அதன் டிரைவர். மற்ற பலவும் எழுவதற்கு முன்பே அது எழுந்துவிடுகிறது. அழிக்க வந்திருப்பது வைரஸா, பணம் கட்டிய ஃபிட்டரா என்று அது பார்ப்பதில்லை.

உள்ளறையிலிருந்து குரல். "சேஃப் மோட்ல போங்க."

மகள் மியூட்டில் இருக்கிறாள். கண் லேப்டாப்பில்.

"அதே சொல்ல வந்தேன் மேடம்," என்கிறான் பையன்.

எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் பலருக்கு சேஃப் மோட் மறக்காது. 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. இந்திய நேரம் காலை 9.39. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனம் தன் மென்பொருளுக்கு ஒரு சின்ன ஃபைலை அனுப்புகிறது. உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் நிற்கின்றன. விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதுகிறார்கள். வைரஸ் எதுவும் வரவில்லை.

78 நிமிடத்தில் ஃபைல் திரும்பப் பெறப்படுகிறது. விழுந்த கம்ப்யூட்டர்களுக்கு அது தெரியாது. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள் போக வேண்டும். சேஃப் மோட், டிரைவர்ஸ் ஃபோல்டர், 291 என்ற எண் கொண்ட ஃபைல், டிலீட். பிட்லாக்கர் பூட்டியவற்றுக்கு 48 இலக்கச் சாவி. ஐடி ஆட்கள் தொலைபேசியில் ஆறு ஆறு இலக்கமாக வாசிக்கிறார்கள். மறுமுனை திருப்பிச் சொல்கிறது. ஓர் இலக்கம் தப்பினாலும் திறக்காது.

ஹாலில் பையன் பழைய நிறுவனத்தின் தளத்தைத் திறக்கிறான். முதல் பக்கம் முழுவதும் தள்ளுபடி. உதவி. அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள். நீக்க முடியவில்லையா? ஒரு சின்ன ஃபைல் இறங்குகிறது. தங்கள் சரக்கைத் தாங்களே வழித்தெடுக்க நிறுவனமே எழுதிய கருவி.

"இது மொதல்லயே இருந்துச்சா?" என்கிறார் பெரியவர்.

பதில் வரவில்லை.

ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட். நீலப் பக்கம். டிரபிள்ஷூட். அட்வான்ஸ்டு. ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ். நான்கு.

திரை கறுப்பாக வருகிறது. எழுத்துகள் ஊதிப் பெருத்திருக்கின்றன. நான்கு மூலையிலும் சேஃப் மோட் என்ற வாசகம். பேத்தியின் படம் பின்னணியில் இல்லை.

"போச்சா?" என்கிறார் வீட்டம்மா.

"பேட ஆன்ட்டி, பயப்பட பேட. இருக்குது."

பாஸ்வேர்ட் கேட்கிறது. பெரியவர் எல்ஐசி டைரியை எடுத்து வருகிறார். கடைசிப் பக்கம். இடது உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு வலது ஆள்காட்டி விரலால் அடிக்கிறார். பையன் மரியாதையாக மின்விசிறியைப் பார்க்கிறான்.

கருவி ஓடுகிறது. சேஃப் மோடில் விண்டோஸ் தேவையானதை மட்டுமே எழுப்புகிறது. பழைய காவலாளின் டிரைவருக்கு அங்கே அழைப்பு இல்லை. இப்போது ஃபைல்கள் வெறும் ஃபைல்கள். ஒன்றொன்றாகப் போகின்றன. பெயர்கள் திரையில் ஓடுகின்றன. பெரியவர் உதடு அசைத்துப் படிக்கப் பார்க்கிறார். வேகம் போதவில்லை.

ரீஸ்டார்ட்.

"ஆய்த்து," என்கிறான் பையன்.

பட்டியலில் பழைய பெயர் இல்லை. மூலையில் ஒரு சின்னக் கேடயம், பச்சை டிக்.

"இது யாரு?"

"டிஃபெண்டர் அங்கிள். விண்டோஸோடது."

"எவ்வளவு?"

"ஃப்ரீ."

விண்டோஸ் 8-லிருந்து, அதாவது 2012-லிருந்து, அது முழு ஆன்டிவைரஸாக விண்டோஸோடு சேர்ந்தே வருகிறது. வேறு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒதுங்கிக்கொள்ளும். போனால் தானே எழுந்துகொள்ளும்.

பெரியவர் கேடயத்தைப் பார்க்கிறார். புது டப்பாவைப் பார்க்கிறார். டப்பாவின் பிளாஸ்டிக் உறை ஏற்கெனவே கிழிக்கப்பட்டிருக்கிறது. திருப்பி எடுக்க மாட்டார்கள்.

"காசு குடுத்து வாங்குனது. இதையே போடு தம்பி."

உள்ளறையில் மகள் ஏதோ சொல்ல வாயெடுக்கிறாள். ஹெட்செட்டில் யாரோ அவள் பெயரைக் கூப்பிடுகிறார்கள். அன்மியூட்.

பெரியவர் ஒரு ரூபாய் நாணயத்தால் வெள்ளிப் பட்டையைச் சுரண்டுகிறார். மேசையில் சாம்பல் துகள்கள். எழுத்தும் எண்ணுமாக ஒரு நீண்ட வரி. பையன் வாசிக்கிறான். பெரியவர் அடிக்கிறார்.

"பூஜ்யமா, ஓவா?"

"பூஜ்யம் அங்கிள்."

தவறு. ஓ.

பட்டை நகர்கிறது. பாதியைத் தாண்டுகிறது. யாரும் பேசவில்லை. விசிறியை எல்லோரும் ஒருமுறை பார்த்துக்கொள்கிறார்கள். பட்டை முடிகிறது. டிஃபெண்டர் ஒதுங்குகிறது. புதிய காவலாள் உள்ளே வந்து முதல் சோதனையைத் தொடங்குகிறான்.

சிவப்புப் பெட்டி. ஒலியோடு.

அபாயம் இருக்கும் இடம் சி டிரைவ் இல்லை. டி டிரைவும் இல்லை. மஞ்சளும் சிவப்புமான நாடா கட்டிய பென் டிரைவ். அதில் விண்டோஸைக் காசில்லாமல் ஆக்டிவேட் செய்யும் ஒரு ஃபைல்.

பையன் பென் டிரைவை உருவிச் சட்டைப் பையில் போடுகிறான்.

"அது ஒண்ணும் இல்ல அங்கிள். எல்லா எடத்துலயும் காட்டும்."

பெரியவர் முதல் முறையாகச் சிரிக்கிறார். டப்பாவைத் தட்டிக் கொடுக்கிறார்.

விசிட்டிங் சார்ஜ் ஐந்நூறு. க்யூஆர் கோடு பையனின் போன் உறைக்குள் இருக்கிறது. பெரியவர் ரொக்கமாகக் கொடுக்கிறார். வீட்டம்மா இரண்டு இட்லி சாப்பிட்டுப் போகச் சொல்கிறார். பையன் சாப்பிடுகிறான்.

நீக்கும் கருவியை மெக்காஃபி, நார்ட்டன், அவாஸ்ட், காஸ்பர்ஸ்கை, ஈசெட் எல்லாருமே தங்கள் தளங்களில் வைத்திருக்கிறார்கள். விலைப் பட்டியல் முகப்பில் இருக்கும். கருவி உதவிப் பக்கங்களுக்குள் இருக்கும். அதற்குக் கட்டணம் கிடையாது.