விருந்தும் பொறுப்பும்

விருந்து என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் புதுமை என்றும் ஒரு பொருள் உண்டு. முன்பின் அறியாத புதியவராய் வந்து நிற்பவரே விருந்தினர். இதனை ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லி வந்த நாங்கள், அதன் முழுப்பொருளை உணர்ந்தது நெல்லியாளத்தில், தேயிலைத் தோட்டத்து லயன் வீடொன்றில்.

எங்கள் கல்லூரியுடன் உடன்படிக்கை செய்துகொண்ட அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து எட்டு மாணவர்கள் மூன்று வாரப் பயணமாக வந்திருந்தனர். அவர்களைப் பந்தலூர் வட்டத்துத் தோட்டங்களுக்கு அழைத்துச் செல்வது தமிழ்த்துறையின் பொறுப்பாயிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர் பலர் குடியமர்ந்த பகுதி அது. அவர்களுக்கு வேலை அளிக்கவே 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கப்பெற்றது.

இரண்டாம் நாள் இரவு ஒரு மாணவிக்குக் கடுங்காய்ச்சல். உடன்படிக்கையின் நகல் எங்கள் பையிலேயே இருந்தது. மாணவர் தேர்வு, காப்பீடு, மதிப்பெண் வழங்கல் ஆகியவை அவர்கள் பொறுப்பு. அழைப்புக் கடிதம், தங்குமிடம், போக்குவரத்து எங்கள் பொறுப்பு. அயல்நாட்டவர் தங்குவதை 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குத் தெரிவிக்கும் கடமையும் மறவாமல் குறிக்கப்பட்டிருந்தது. மருத்துவ அவசரத்துக்கு நேரே மட்டும், 'இரு நிறுவனங்களும் கலந்து முடிவெடுக்கும்' என்று கண்டிருந்தது. கலந்து பேசக் கைப்பேசியில் சமிக்ஞை இல்லை.

முடிவெடுத்தவர் அவ்வீட்டு அம்மையார். கஞ்சி வைத்தார்; நெற்றியில் ஈரத்துணி இட்டார்; நள்ளிரவில் பக்கத்து லயத்து இளைஞரை எழுப்பி ஜீப் கொண்டுவரச் செய்து, மருத்துவமனைவரை உடன்வந்து, விடியும்வரை அங்கேயே அமர்ந்திருந்தார். மாணவி இரண்டு நாளில் தேறினாள். நாங்கள் பணம் நீட்டியபோது, "வந்த புள்ளைக்குக் காய்ச்சல்னா பாக்காம இருப்போமா சார்? காச உள்ள வைங்க" என்றார். அந்த இரண்டு நாளும் அவர் கொழுந்து பறிக்கப் போகவில்லை, கூலியும் இல்லை என்பதைப் பின்னரே அறிந்தோம். பன்னிரண்டு பக்க உடன்படிக்கையில் அவருக்கு ஒரு வரியும் இல்லை.

பொறுப்பைப் பகிர்தல் குறித்து உலகம் சிந்திக்காமல் இல்லை. 1987இல் ஐரோப்பாவில் தொடங்கிய எராஸ்மஸ் திட்டத்தில் மாணவர், அனுப்பும் நிறுவனம், ஏற்கும் நிறுவனம் ஆகிய மூவரும் கற்றல் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகின்றனர். ஏற்கும் பல்கலைக்கழகம் கல்விக் கட்டணம் பெறுவதில்லை. செம்மையான ஏற்பாடுதான். ஆயினும் வகுப்பறை ஒரு ஊராக இருக்கும்போது நான்காமவர் ஒருவர் இருக்கிறார்.

அந்த நான்காமவரை எண்ணிப் பார்த்த முயற்சி நம் நீலகிரியிலேயே உண்டு. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகமும் கோத்தகிரியின் கீஸ்டோன் அறக்கட்டளையும் இணைந்து 2015இல் நீலகிரிக் களக்கற்றல் மையத்தைத் தொடங்கின. அங்கே வந்த மாணவர்களும் மலையின் பழங்குடி இளைஞர்களும் ஒரே வகுப்பில் அமர்ந்து பயின்றனர். சேர்ந்தே களஆய்வு செய்தனர். ஊரார் அங்கே ஆய்வுப்பொருள் அல்லர், உடன்பயில்வோர். ஒரு பல்கலைக்கழகத்துக்கு இணையாக ஓர் உள்ளூர் அமைப்பு பொறுப்பேற்றதனால் அது கைகூடிற்று என்று நமக்குத் தோன்றுகிறது.

அடுத்த உடன்படிக்கை வரைவில் நாங்கள் இரண்டு பிரிவுகளைச் சேர்த்தோம். விருந்தினரை ஏற்கும் குடும்பத்துக்கு, இழக்கும் நாட்கூலியை ஈடுசெய்ய வேண்டும் என்பது ஒன்று. மாணவர் எழுதும் அறிக்கையைத் தமிழில் பெயர்த்து அவ்வூராரிடம் படித்துக் காட்ட வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவதை நிர்வாகம் ஏற்றது. இரண்டாவதைத் தேவையற்றது என்று அடித்துவிட்டது.

அந்த அம்மையார் வீட்டுக் கதை இப்போது கடல் கடந்து ஏதோ ஒரு நூலகத்தில், அவர் படிக்கவியலாத மொழியில் இருக்கிறது. அடித்த பிரிவை மறுபடியும் எழுதி வைத்திருக்கிறோம்.