கேட்காமலே நிரப்பப்படுபவை

எல்லாருக்கும் ஒரு குடும்பப்பெயர் இருந்தே தீரும் என்று நம்புகிற நிரலாளர் ஒருவர் எங்கோ உட்கார்ந்திருக்கிறார். அவர் செய்த படிவங்களைத்தான் நாம் காலம் முழுக்க நிரப்பிக்கொண்டிருக்கிறோம்.

நம்மில் பலருக்கு அது கிடையாது. மலேசிய அடையாள அட்டையில் நம் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே ஏ/எல், ஏ/பி. சிங்கப்பூரில் எஸ்/ஓ, டி/ஓ. அந்தச் சாய்கோட்டைத் தட்டினால் சில படிவங்கள் சிவப்பாகிவிடும். எடுத்துவிட்டால் பெயர் கடப்பிதழோடு ஒத்துப்போகாது. கடைசிப்பெயர் கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டேன் என்றால் மின்னஞ்சல் அவரை விளித்து வருகிறது. 'அன்புள்ள திரு. முனியாண்டி, உங்கள் பயணம் உறுதியாகிவிட்டது.' அப்பா போய் ஒன்பது வருஷமாச்சு.

படிவத்துக்குப் பின்னால் இருக்கும் தரவு மாதிரிகளைப் பைத்தானில் எழுதுவது என் வேலை. 2018-இல் பைத்தான் 3.7-உடன் வந்த டேட்டாகிளாஸ் அதைச் சுலபமாக்கியது. என்னென்ன புலங்கள், எது எழுத்து, எது எண் என்று நாலு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் அது தானாக எதையும் சோதிக்காது. வயது என்பது எண் என்று எழுதிவிட்டு 'மாங்காய்' என்று கொடுத்தாலும் பேசாமல் வாங்கிக்கொள்ளும். வாசலில் நின்று சோதிக்க பைடான்டிக் போன்ற ஒரு நூலகம் வேண்டும். மாங்காயை அது அங்கேயே திருப்பி அனுப்பிவிடும்.

அந்தக் கறார் எனக்குப் பிடிக்கும். ஆனால் அதில் ஒரு வினோதம் உண்டு. வெளியிலிருந்து வருவதைத் துருவிப் பார்க்கும் பைடான்டிக், நிரலாளர் தன் கையால் எழுதிவைத்த இயல்பு மதிப்பை, அதாவது டிஃபால்ட்டை, சோதிப்பதில்லை. வயதுக்கு நாமே 'மாங்காய்' என்று டிஃபால்ட் வைத்திருந்தால், பயனர் ஒன்றும் தராதபோது அது சத்தமில்லாமல் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். வேலிடேட் டிஃபால்ட் என்ற அமைப்பை நாமாகப் போட்டால்தான் அதையும் நிறுத்திக் கேட்கும். வேகத்துக்காக அப்படி வைத்திருக்கிறார்கள், நியாயம்தான். ஆனால் மனுஷ வழக்கமும் இதுதானே? அடுத்தவர் சொல்வதற்கு ஆதாரம் கேட்போம். நாம் முன்கூட்டியே நினைத்துவைத்திருப்பதை மட்டும் தட்டிப் பார்ப்பதில்லை.

கடப்பிதழில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்கள், அமெரிக்க விசா விண்ணப்பத்தின் முதற்பெயர் கட்டத்தில் எஃப்என்யூ என்று எழுத வேண்டும். 'முதற்பெயர் தெரியாது' என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. தெரியாதாம்! அவர் பெயர் முழுசாகப் பக்கத்துக் கட்டத்தில்தான் இருக்கிறது.

இல்லை என்பது வேறு, தெரியாது என்பது வேறு, யாரும் கேட்கவில்லை என்பது வேறு. பைடான்டிக்கின் முதல் பதிப்பில் ஒரு புலத்தை ஆப்ஷனல் என்று குறித்தாலே போதும்; பயனர் வாய் திறக்காவிட்டாலும் 'நன்' என்ற இன்மை மதிப்பு தானாக வந்து அமரும். 2023-இல் வந்த இரண்டாம் பதிப்பு இதை மாற்றியது. இப்போது 'இல்லை' என்று சொல்லலாம், ஆனால் சொல்லத்தான் வேண்டும். நாமாக டிஃபால்ட் எழுதிவைக்காத வரை, மௌனம் 'இல்லை' என்று பதிவாகாது.

இப்போது நான் எழுதும் மாதிரிகளில் குடும்பப்பெயர் என்ற புலமே இல்லை. முழுப்பெயர் ஒன்று, எப்படி அழைக்க வேண்டும் என்பது ஒன்று. இரண்டும் கட்டாயம், இரண்டுக்கும் டிஃபால்ட் கிடையாது. சாய்கோடு, புள்ளி, ஓரெழுத்து எல்லாம் செல்லும். வெறும் இடைவெளி மட்டும் செல்லாது.

"அழைக்கிற பெயரை முழுப்பெயரோட கடைசிச் சொல்லிலேர்ந்து எடுத்துக்கலாமே, ஒரு கேள்வி மிச்சம்" என்றார் சக நிரலாளர்.

"எங்க ஆளுங்களுக்குக் கடைசிச் சொல் அப்பாங்க" என்றேன்.

டிஃபால்ட்டே கூடாது என்பதில்லை. ஒரு பக்கத்தில் எத்தனை வரி காட்டுவது என்பதற்கு 20 என்று வைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஊகம் தப்பினால் திருத்தும் வேலை யார் தலையில் விழும் என்று பார்த்துவிட்டுத்தான் வைக்கிறேன். என் தலையில் என்றால் சரி. முகம் தெரியாத ஒருவர் முகப்பில் நின்று தன் பெயரை விளக்க வேண்டிவரும் என்றால், கேட்டுவிடுவதே மரியாதை.