ஒன்றேகால் நாழிகை

இரண்டு நேரங்களுக்கு நடுவே எவ்வளவு கடந்தது என்று நிரலில் கணக்கிடுவது வெறும் கழித்தல் போலத்தான் தெரியும். கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டமொன்றில் 1981 டிசம்பர் 31 இரவு 9 மணிக்கு ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டது, மறுநாள் விடியற்காலை 3 மணிக்குக் குழந்தை பிறந்தது என்று வைத்துக்கொள்ளலாம். கடிகாரத்தைப் பார்த்துக் கழித்தால் ஆறு மணி நேரம். அவள் வலியோடு கிடந்ததோ ஐந்தரை மணி நேரம். அன்றிரவு பதினொன்றரைக்குத் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் நேரே பன்னிரண்டுக்குத் தள்ளி வைக்கப்பட்டன. சபா, சரவாக் மாநிலங்களோடு நாடு முழுவதும் ஒரே நேரத்துக்கு வருவதற்காக நடந்த மாற்றம் அது. நடுவில் இருந்த அரை மணி எந்தத் தோட்ட லயத்துக்கும் வரவே இல்லை.

இப்படித் தள்ளி வைத்தது அதுவே முதல் முறையும் அல்ல. 1905 ஜூன் முதல் இங்கே கிரீன்விச் நேரத்துக்கு 7 மணி நேரம் முன்னால் கடிகாரம் ஓடியது. 1933இல் அதோடு 20 நிமிடம் கூடியது, 1941 செப்டம்பரில் இன்னும் 10 நிமிடம். 1942இல் ஜப்பானியர் தோக்கியோ நேரத்தைக் கொண்டுவந்தபோது வித்தியாசம் 9 மணி நேரமாகத் தாவியது. 1945இல் மறுபடி ஏழரை, 1982 முதல் எட்டு.

சூரியனைக் கேட்டால் வேறு கணக்கு வரும். கோல சிலாங்கூர் ஏறத்தாழ 101¼ பாகைத் தீர்க்கரேகையில் இருக்கிறது. பாகைக்கு நான்கு நிமிடம் என்றால், ஊருக்கு உரிய நேரம் கிரீன்விச்சுக்கு ஆறே முக்கால் மணி முன்னால்தான். அதனால் தோக்கியோ நேரத்தில் இங்கே பொழுது விடிந்தபோது கடிகாரம் எட்டு மணியை ஒட்டிக் காட்டியிருக்கும். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்களின் வேலை சூரியனோடு கட்டுண்டது. வெயில் ஏற ஏற இலைகள் நீரை இழக்கின்றன, மரத்துக்குள் அழுத்தம் தணிகிறது, மங்குக் கிண்ணத்தில் விழும் பால் குறைகிறது. ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் இருட்டோடு பேர் கொடுத்துவிட்டுத் தங்கள் மர நிரைக்குப் போகும் வழக்கம் அதனால் வந்தது. ஆட்சிகள் முள்ளைத் திருப்பினாலும் மரம் பால் விடும் வேளை திரும்பவில்லை.

முள்ளை நம்பாமல் நேரத்தைக் கணக்கிடும் முறை தமிழர்களுக்குப் பழக்கமானதே. ஜாதகம் கணிப்பவர் சூரிய உதயத்தைத் தொடக்கமாக வைத்து, அதிலிருந்து எத்தனை நாழிகை சென்றது என்று எண்ணுவார். நாழிகை என்பது 24 நிமிடம். 1981இன் கடைசி இரவில் காணாமல் போனது ஒன்றேகால் நாழிகை. கணினியும் ஏறக்குறைய இதையே செய்கிறது. 1970 ஜனவரி 1, உலகப் பொது நேரம் நள்ளிரவை உதயமாக வைத்து, அதிலிருந்து கடந்த விநாடிகளை எண்ணுகிறது. அந்தப் பூஜ்ய விநாடியில் கோல சிலாங்கூர்க் கடிகாரம் காலை 7.30 காட்டியது. இன்றைய எட்டு மணி வித்தியாசத்தை மனதில் வைத்து 8.00 வரும் என்று எதிர்பார்ப்பவர், நிரல் 7.30 என்று எழுதியதைப் பிழை என்றே நினைப்பார். நிரல் சொன்னதே சரி.

நிரல் மொழிகள் இந்த இடத்தில் ஒன்றுபோல நடந்துகொள்வதில்லை என்பதுதான் கவலைக்குரியது. பைத்தானில் இரண்டு நேரங்களுக்கும் கோலாலம்பூர் நேர வலயத்தைக் கவனமாகக் கொடுத்துக் கழித்தாலும், அந்தப் பிரசவத்துக்கு ஆறு மணி நேரம் என்றே விடை வரும். இரண்டிலும் ஒரே வலயம் இருந்தால் அது வலயத்தை ஒதுக்கிவிட்டு முள்ளை மட்டும் கழிக்கிறது. ஜாவாவில் வலயத்தோடு கூடிய நேரங்களுக்கு இடைப்பட்ட கால அளவைக் கேட்டால் ஐந்தரை கிடைக்கும். பைத்தானிலும் இரண்டையும் முதலில் பொது நேரத்துக்கு மாற்றினால் போதும்: இரவு 9 என்பது 13.30 ஆகும், விடியல் 3 என்பது அதே தேதியின் 19.00 ஆகும். மிச்சம் ஐந்தரை.

செம்பனை ஆலையில் வருவது வேறு வகைப் பிழை. வெட்டிய குலையில் நேரம் ஆக ஆக எண்ணெய் சிதைந்து கொழுப்பு அமிலம் கூடும். அதனால் 24 மணி நேரத்துக்குள் அதை ஆலையில் சேர்க்கப் பார்ப்பார்கள். அங்கே இரவு வேலைக்கு 22 மணிக்கு வந்து 6 மணிக்குப் போனவரின் கணக்கு −16 என்று வரும். எதிர்ம எண்ணாக வந்தால் 24ஐக் கூட்டு என்று எழுதினால் எட்டு கிடைத்துவிடும். அதே வழியைக் குலைக் கணக்குக்கும் வைத்தால் ஆபத்து. இன்று பகல் 2 மணிக்கு வெட்டி நாளை மாலை 4 மணிக்கு வந்து சேர்ந்த லாரிக்கு, 26 மணி நேரத்துக்குப் பதில் இரண்டு மணி நேரம் என்று நிரல் சொல்லும். தேதியைச் சேர்த்து வைக்காத நேரத்தைக் கழிக்கவே கூடாது.

கூலிக் கணக்கில் நடக்கும் தவறு சின்னதுதான், ஆனால் பொறுக்க முடியாதது. காலை 7.30 முதல் 11.15 வரை வேலை என்றால் 11.15இலிருந்து 7.30ஐத் தசமமாகக் கழித்து 3.85 என்று போடுவது. உண்மையில் அது 3 மணி 45 நிமிடம், அதாவது 3.75. தொடங்குவது 8.45, முடிவது 10.15 என்றால் தசமக் கழித்தல் 1.70 தரும், உழைத்தது 1.50. வேறு விதமாகத் தவறினால் உழைத்தவர் கையிலிருந்தே குறையும்: 45 நிமிடத்தை 0.45 என்று எழுதினால் முக்கால் மணி நேரக் கூலி அரை மணி நேரக் கூலிக்கும் கீழே போகும். எல்லாவற்றையும் நிமிடமாக்கிக் கழித்து, கடைசியில் ஒரே தடவை 60ஆல் வகுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

நிரலே ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் எடுத்தது என்று அளக்கும்போது சுவர்க்கடிகாரத்தைத் தொடவே வேண்டாம். வலைவழி நேரம் திருத்தப்படும்போது அது பின்னாலும் போகக்கூடும். அதற்கென்று முன்னே மட்டும் ஓடும் கடிகாரம் ஒன்றைப் பைத்தானும் ஜாவாவும் வைத்திருக்கின்றன. யார் முள்ளைத் திருப்பினாலும் அது அசையாது. அதன் தொடக்கம் மட்டும் எதையும் குறிப்பதில்லை, அதனால் குழந்தை பிறந்த நேரத்தையோ குலை வெட்டிய நேரத்தையோ அதில் பதிந்து வைக்க முடியாது.