கண்ணாடி வைத்து வெயில் பிடித்த ஊர்

"குளிர்காலத்தில் ஏன் சீக்கிரம் இருட்டுகிறது?" என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். "பூமி சூரியனை விட்டுத் தள்ளிப் போய்விடுகிறது" என்று பதில் வரும். உண்மை நேர்மாறு! பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவதே ஜனவரி முதல் வாரத்தில்தான்.

காரணம் தூரம் இல்லை, சாய்வு. பூமியின் அச்சு சுமார் 23.4 டிகிரி சாய்ந்திருக்கிறது. சூரியனைச் சுற்றும்போது அந்தச் சாய்வின் திசை மாறுவதில்லை. அதனால் ஜூனில் வடபாதி சூரியனை நோக்கிச் சாய்கிறது, டிசம்பரில் விலகிச் சாய்கிறது. சென்னை பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். டெல்லியில் அது மூன்றரை மணி நேரத்துக்கும் மேல்.

இன்னும் வடக்கே போனால்?

நார்வேயில் ரியூக்கான் என்று ஒரு சின்ன ஊர். ஏறக்குறைய 60 டிகிரி வடக்கு. ஜூனில் பகல் கிட்டத்தட்ட 19 மணி நேரம். டிசம்பரில் 6 மணி நேரம்தான். அந்த ஆறு மணி நேரத்திலும் சூரியன் உச்சிக்கு வராது. நடுப்பகலிலேயே அடிவானத்துக்கு மேல் 7 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். (சென்னையில் அதே நாளில் 53 டிகிரி!) ஊர் இருப்பதோ ஆழமான பள்ளத்தாக்கில். தெற்கே மலை மறைத்துவிடும். ஆக, செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை ஊருக்குள் நேரடி வெயிலே கிடையாது.

1913-ல் ஆஸ்கர் கிட்டில்சன் என்ற கணக்கர், மலையில் கண்ணாடி வைத்து வெயிலை ஊருக்குள் திருப்பலாம் என்றார். அன்றைக்கு அது நடக்கவில்லை. அதற்குப் பதிலாக அங்கே தொழிற்சாலை நடத்திய நார்ஸ்க் ஹைட்ரோ கம்பெனி, மக்கள் மேலே போய் வெயில் காய்ந்துவிட்டு வர 1928-ல் ஒரு ரோப் கார் அமைத்துக் கொடுத்தது.

சரியாக நூறு வருஷம் கழித்து, 2013-ல் கண்ணாடி வந்தது. ஊருக்கு 450 மீட்டர் மேலே மூன்று பெரிய கண்ணாடிகள். சூரியன் நகர நகர கம்ப்யூட்டர் அவற்றைத் திருப்பும். வெயில் விழுவது ஊர்ச் சதுக்கத்தில் மட்டும், சுமார் 600 சதுர மீட்டர். "இதற்கு இவ்வளவு செலவா?" என்று ஊருக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்பியது.

அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. வருஷக் கணக்கை மொத்தமாகக் கூட்டினால், உலகத்தில் எந்த ஊரிலும் சூரியன் அடிவானத்துக்கு மேலே இருக்கும் நேரம் ஏறக்குறைய பாதி வருஷம்தான். டிசம்பரில் எடுத்ததை ஜூனில் திருப்பிக் கொடுத்துவிடுகிறது அந்தச் சாய்வு. கணக்கு டேலி!

ஆனால் வருஷக் கடைசியில் டேலி ஆகும் கம்பெனியும் நடுவில் கையில் காசில்லாமல் திணறும் இல்லையா? ஜூன் மாத வெயிலைச் சேமித்து வைத்து ஜனவரியில் காய முடியாது. இதைக் கலைஞர்களுக்கும் இன்ஜினியர்களுக்கும் முன்னால் ஒரு கணக்கர் கண்டுகொண்டதில் ஆச்சரியமில்லை.

அடுத்த முறை "என்னப்பா இந்த வெயில்!" என்று அலுத்துக்கொள்ளும்போது ரியூக்கான்காரர்களை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள் :)