உம்மாவின் கொப்பி

மஃரிப் தொழுது முடிந்ததும் தம்பி கணக்குக் கொப்பியோடு என்னிடம் வந்துவிடுவான். தரம் 7 படிக்கிறான். அன்றைய கேள்வி, 0.3, 0.25 இரண்டில் எது பெரியது?

"0.25தான் ராத்தா. மூன்றை விட இருபத்தைந்து பெரிசுதானே?"

புள்ளிக்குப் பின் முதல் இடம் பத்தில் ஒன்று, அடுத்த இடம் நூறில் ஒன்று, ஆகவே 0.3 என்றால் 0.30 என்று இரண்டு தடவை விளக்கினேன். தலையாட்டினான். விளங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

அடுப்படியிலிருந்து உம்மாவின் குரல் வந்தது: "மகன், கால் கிலோ இறால் கூடவா, முந்நூறு கிராம் கூடவா?"

தராசில் 0.250, 0.300 என்று எண்கள் ஓடுவதை அவன் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறான். "முந்நூறு கிராம்தான்! அப்போ 0.3தான் பெரிசு" என்று துள்ளினான்.

கி.பி. 952இல் திமஷ்கில் அல் உக்லீதிஸி எழுதிய நூலிலேயே தசமப் பின்னங்கள் உண்டு. 1427இல் சமர்கந்தில் அல் காஷி அவற்றை விரிவாக விளக்கினார். அதையும் தம்பிக்குச் சொன்னேன். ஆனால் அவனுக்கு வழி திறந்தது இறால்தான்.

அடுத்தது ஆங்கிலம். 'ஷீ வோண்ட்ஸ் டு கோஸ்' என்று எழுதியிருந்தான். "நான் போக, அவள் போக, நேற்றுப் போக, நாளைக்குப் போக. இதில் 'போக' மாறுகிறதா?" என்று கேட்டேன். "இல்லை." "அதுபோலத்தான் 'டு கோ'வும். யார் போனாலும், எப்போது போனாலும் மாறாது. தமிழ் இலக்கணத்தில் 'போக' என்பது வினையெச்சம். எச்சம் என்றால் மீதி. வேண்டும், முடியும் என்று இன்னொரு வினை வந்தால்தான் வசனம் முடியும்."

உம்மா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "எனக்கும் படிக்க..." என்றவர் அத்தோடு நிறுத்திவிட்டார்.

1990 ஒக்டோபரில் வடபுல முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது உம்மா ஐந்தாம் வகுப்பு. தோணியில் கற்பிட்டிக்குப் போய் இறங்கியவர், பிறகு பாடசாலைக்குப் போகவில்லை. நாங்கள் தாராபுரத்துக்குத் திரும்பி வந்துவிட்டோம். உம்மாவின் படிப்பு திரும்பி வரவில்லை. பத்தை மூன்றால் வகுத்தால் ஒவ்வொரு முறையும் மீதி ஒன்று வருமே, அப்படி அந்த ஆசை மட்டும் தீராமல் இருந்திருக்கிறது. இத்தனை வருடம் அதை நான் கவனிக்கவில்லை.

அடுத்த நாள் கடையில் ஒரு கொப்பி வாங்கிக் கொடுத்தேன். அட்டையில் உம்மா மெதுவாகத் தன் பெயரை எழுதினார். பிறகு பேனையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"தரம் எத்தனை என்று போட, மகள்?"

"ஆறு என்று போடுங்க, உம்மா."